அதே விளையாட்டு, அதே லிங்க்

பிள்ளைகள் எந்நேரமும் போனில் கேம் விளையாடுகிறார்கள் என்பது காத்தான்குடியில் வீட்டுக்கு வீடு கேட்கும் முறைப்பாடு. 16 வயதுக்குட்பட்டோரின் சமூக ஊடகக் கணக்குகளை அவுஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் தடுத்துவிட்டது. அப்படியொரு சட்டம் இங்கும் வராதா என்று கேட்கும் வாப்பாமார் உண்டு. இந்தச் சத்தத்துக்குள் இன்னொரு பிள்ளையின் முறைப்பாடு அமுங்கிப்போகிறது. தனக்கு விளையாட ஒரு கேம்கூட இல்லை என்கிறது, கண்பார்வை இல்லாத அந்தப் பிள்ளை. அதன் கையிலும் போன் இருக்கிறது. அந்தப் போன் திரையை வாசித்துச் சொல்லவும் செய்கிறது. விளையாட்டுக்குள் போனதும்தான் வாயடைத்துப்போகிறது.

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே, சில சதுர கிலோமீற்றருக்குள் நெருங்கிக் கிடக்கும் ஊர் இது. இலங்கையில் மக்கள் மிக அடர்த்தியாக வாழும் இடங்களில் ஒன்று. பிரதான வீதியின் பேரீச்சை மரங்களைப் படம் எடுத்துப்போகும் வெளியூர்க்காரர்கள் உள் ஒழுங்கைகளுக்குள் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். முச்சக்கரவண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் வழிவிட்டு நிற்கவே நேரம் சரி. பார்வையுள்ள பிள்ளைக்கே ஓடி விளையாட இடமில்லை. பார்வையில்லாத பிள்ளைக்கு வீட்டுக்குள்தான் உலகம். அது பெண்பிள்ளையாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அந்த வீடுகளில் இன்று போன்தான் முற்றம்.

பிரவுசரில் திறக்கும் விளையாட்டுக்கென்று ஒரு வசதி உண்டு. எதையும் இறக்கி நிறுவ வேண்டியதில்லை. பழைய போனிலும் ஓடும், அதிகம் டேட்டா தின்னாது. வட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வந்தால் போதும். ராத்தாவுக்கு வந்ததைத் தம்பிக்கு அனுப்பலாம், தம்பி வகுப்புக் குழுவுக்கு அனுப்பலாம். 5ஆம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆசிரியர்கள் செய்து அனுப்பும் வினாவிடை விளையாட்டுகளும் இப்படித்தான் வந்து சேர்கின்றன. வகுப்பில் 40 பிள்ளைகள் புள்ளிகளை ஒப்பிட்டுச் சிரிக்கும்போது ஒரு பிள்ளைக்கு மட்டும் அந்த லிங்க் திறக்காவிட்டால், அதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது.

போன் எங்கே வாயடைக்கிறது?

அன்ட்ரொய்ட் போன்களில் அமைப்புகளுக்குள் 'அணுகல்தன்மை' என்றொரு பகுதி இருக்கும். அதற்குள் இருப்பது டோக்பேக். அதை இயக்கினால், விரல் படும் இடத்தில் உள்ள எழுத்தைப் போன் உரக்க வாசிக்கும். ஐபோனில் இதே வேலையைச் செய்வது வொய்ஸ்ஓவர், விண்டோஸ் கணினியில் என்விடிஏ. பொதுவாகத் திரைவாசிப்பான் என்கிறோம்.

என்விடிஏ உருவான விதத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. சிறுவயதில் ஓர் இசை முகாமில் சந்தித்த மைக்கல் கரன், ஜேம்ஸ் டே என்ற இரண்டு பார்வையற்ற அவுஸ்திரேலியர்கள் அதைச் செய்தார்கள். அன்றிருந்த திரைவாசிப்பான்களின் விலை சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டாததாக இருந்தது. 2006இல் கரன் எழுதத் தொடங்கினார், டே வந்து சேர்ந்துகொண்டார். இன்று அது 50இற்கு மேற்பட்ட மொழிகளில் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழும் அதில் ஒன்று. ஆக, கேட்கும் கருவி நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. கேட்பதற்கு விளையாட்டுத்தான் எதையும் சொல்வதில்லை.

வாசகர்கள் இதைத் தாங்களே சோதித்துப் பார்க்கலாம். டோக்பேக்கை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு, வீட்டுப் பிள்ளை விளையாடும் ஏதாவதொரு கேமைத் திறவுங்கள். முதலில் டோக்பேக்கை அணைக்கும் வழியைத் தெரிந்துகொள்வது நல்லது. அது ஓடும்போது ஒரு தட்டலில் எதுவும் திறக்காது, இரு தட்டல் வேண்டும். இது தெரியாமல் இயக்கிவிட்டு, போன் பழுதாகிவிட்டதென்று கடைக்கு ஓட வேண்டிவரும்.

பெரும்பாலான விளையாட்டுகளில் காதில் விழுவது 'பட்டன், பட்டன், பட்டன்' மட்டும்தான். சிலவற்றில் அதுவும் இல்லை. திரைவாசிப்பான் எழுத்தை வாசிக்கும், படத்தை வாசிக்காது. விளையாட்டு செய்பவர்களில் பலர் 'கன்வஸ்' என்ற ஒரே படப்பரப்பில் முழு ஆட்டத்தையும் வரைந்துவிடுகிறார்கள். பலகை, காய்கள், புள்ளி, 'மீண்டும் தொடங்கு' என்ற சொல் எல்லாமே அந்தப் படத்துக்குள் அடக்கம். கண்ணுக்கு அங்கே ஒரு திருவிழாவே நடக்கும். திரைவாசிப்பானுக்கு அங்கே ஒன்றுமே இல்லை.

இன்னொரு கோளாறு, யாரும் வேண்டுமென்று செய்யாதது. பிரவுசருக்குள்ளேயே பட்டன் என்ற உறுப்பு தயாராக இருக்கிறது. அதைப் பயன்படுத்தி அதன்மேல் 'தொடங்கு' என்று எழுதினால், திரைவாசிப்பான் தானாகவே 'தொடங்கு, பட்டன்' என்று சொல்லும். விசைப்பலகையாலும் அதை அழுத்தலாம். ஒரு மேலதிக வரிகூட எழுத வேண்டியதில்லை. ஆனால் அழகுக்காக ஒரு வெற்றுக் கட்டத்தை வரைந்து, அதன்மேல் அம்புக்குறிப் படத்தைப் போட்டு, தொட்டால் இயங்கும்படி செய்துவிடுகிறார்கள். இலவசமாகக் கிடைத்ததை வீசிவிட்டு, கூடுதல் வேலை செய்து ஒரு பிள்ளையை வெளியே நிறுத்துகிறோம்.

அடுத்தது நிறம். சரியென்றால் பச்சை, பிழையென்றால் சிவப்பு. சொல் ஒன்றும் கிடையாது. அதற்கடுத்தது நேரம். 10 விநாடிக்குள் விடை சொல்ல வேண்டும் என்றால், கேள்வியையும் 4 விடைகளையும் கேட்டு முடிக்கவே அந்த 10 விநாடி போய்விடும். இழுத்துக் கொண்டுபோய்ப் பொருத்தும் பயிற்சிகள் இருக்கின்றனவே, அவற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

2021இல் ஜொஷ் வார்டில் வெளியிட்ட 'வேர்டில்' என்ற சொல் விளையாட்டு சில மாதங்களில் உலகத்தைச் சுற்றியது நினைவிருக்கும். 2022 ஜனவரியில் நியூயோர்க் டைம்ஸ் அதை வாங்கியது. ஆடி முடித்தவர்கள் தங்கள் முடிவை நிறக் கட்டங்களாகப் பகிர்ந்தார்கள். பார்ப்பவருக்கு அது ஒரு நொடிச் சிரிப்பு. திரைவாசிப்பானில் கேட்டவர்களுக்கோ 'கறுப்புப் பெரிய சதுரம், கறுப்புப் பெரிய சதுரம், மஞ்சள் பெரிய சதுரம்' என்று 30 தடவை வரை நீளும். '4ஆம் முயற்சியில் கண்டுபிடித்தேன்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

பாமினி என்ற பழைய பிரச்சினை

இலங்கைத் தமிழுக்கென்று தனியாக ஒரு தடை உண்டு. நம் ஆசிரியர்களும் அச்சகங்களும் இன்னமும் பாமினி எழுத்துருவை விடவில்லை. பாமினியில் 'அம்மா' என்று தெரிவது கணினிக்குள் தமிழே அல்ல. எம், கே, செமிகோலன், கே, எச் என்ற ஆங்கில விசைகளின் வரிசை அது. திரைவாசிப்பான் அதை அப்படியே வாசிக்கும். உம்மாவைப் பற்றிய கேள்வி பிள்ளையின் காதில் ஆங்கில எழுத்துக் கூட்டமாக விழும்.

இதைச் சமாளிக்க, பாமினியில் தட்டச்சு செய்த கேள்வியைப் படமாக்கி வினாவிடைக்குள் ஒட்டுவது வழக்கமாகிவிட்டது. கண்ணுக்குத் தெளிவாக இருக்கும். காதுக்கு 'படம்' என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சும். பழைய வினாத்தாளைப் போனில் படம் பிடித்து அனுப்பினாலும் இதே கதைதான். யுனிகோடில் தட்டச்சு செய்தால் இந்தப் பிரச்சினையில் முக்கால்வாசி அன்றைக்கே தீர்ந்துவிடும். போனில் வட்ஸ்அப் செய்தியைத் தமிழில் எழுதத் தெரிந்த எவருக்கும் யுனிகோட் ஏற்கெனவே தெரியும் என்பதுதான் வேடிக்கை.

மீதிக் கால்வாசி, பக்கத்தின் மொழியை அறிவிக்காமல் விடுவது. 'இந்தப் பக்கம் தமிழ்' என்று நிரலின் தலைப்பகுதியில் ஒரு குறிப்பு இருந்தால் திரைவாசிப்பான் தமிழ்க் குரலுக்கு மாறும். இல்லாவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழைக் கடித்துக் குதறும், அல்லது பேசாமல் தாண்டிப்போகும்.

பல்லாங்குழியை எப்படிச் செய்வது?

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு விளையாட்டை எடுத்துக்கொண்டு பார்ப்போம். பல்லாங்குழி நம் உம்மம்மாமாருக்குத் தெரிந்த ஆட்டம். பக்கத்துக்கு 7 ஆக 14 குழிகள், அவற்றில் புளியங்கொட்டையோ சோழியோ. சிங்களச் சகோதரர்கள் சித்திரைப் புத்தாண்டில் குன்றிமணி வைத்து ஆடும் 'ஒலிந்த கெலிய' இதன் உறவு. பார்வையில்லாதவர் தொட்டு எண்ணியே ஆடக்கூடிய ஆட்டம் இது. இருந்தும் இதைப் பிரவுசரில் செய்பவர் மரப்பலகையைத் தத்ரூபமாக வரைந்து, காய்கள் துள்ளி விழும் அசைவையும் போட்டு, தொட்டு ஆடிய ஒன்றைப் பார்த்து மட்டும் ஆடுவதாக்கிவிடுவார்.

மாற்றிச் செய்வது கடினமா? இல்லை. 14 குழிகளையும் 14 பட்டன்களாக வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர் கொடுங்கள்: 'உங்கள் பக்கம், 3ஆம் குழி, 5 காய்.' காய்கள் மாறும்போது பெயரும் மாறட்டும். மரப்பலகைப் படம் அப்படியே இருக்கலாம், அதன் கீழே இந்தப் பட்டன்கள் இருந்தால் சரி. பார்க்கும் பிள்ளை படத்தைப் பார்க்கும், கேட்கும் பிள்ளை பெயரைக் கேட்கும். இரண்டு பேர் தொடுவதும் ஒரே குழியைத்தான்.

அடுத்து, ஆட்டத்தில் நடப்பதைச் சொல்ல வேண்டும். திரையில் மாறியதைத் திரைவாசிப்பானுக்கு அறிவிக்கும் பகுதி ஒன்றைப் பக்கத்தில் ஒதுக்கலாம், அதற்கான வழி இணையத் தரங்களில் பல ஆண்டுகளாக இருக்கிறது. இங்கேதான் கைத்திறன் தேவை. ஒவ்வொரு காய் விழும்போதும் 'ஒன்று, ஒன்று, ஒன்று' என்று சொல்ல வைத்தால் பிள்ளை 2 நிமிடத்தில் போனைத் தூக்கிப் போட்டுவிடும். 'எதிர்ப்பக்கம் 2ஆம் குழிவரை போட்டீர்கள். 4 காய் உங்களுக்கு. இப்போது ராத்தாவின் முறை.' இவ்வளவும் போதும். முழுப் பலகையின் நிலையை அறிய வேண்டுமானால் அதற்கொரு பட்டன். கேட்டால் சொல்லட்டும், கேட்காமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டாம்.

காய் விழும் ஓசையை இடது காதிலிருந்து வலது காதுக்கு நகர்த்தினால் எந்தப் பக்கம் போகிறது என்பதும் தெரியும். மீன்பாடும் ஊர் என்று பெயர் வாங்கிய மண் இது. கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பை வாவிக்குள் இறக்கி, மறுநுனியில் காதை வைத்துக் கேட்டவர்களின் பிள்ளைகளுக்கு ஒலியால் ஒரு விளையாட்டு செய்யத் தெரியாதென்று நான் நம்பமாட்டேன். வாவியில் தோணி வலித்து, பாடும் மீனை ஓசையை வைத்தே தேடிப் பிடிக்கும் ஒரு கேமை மட்டக்களப்பு இளைஞர் ஒருவர் செய்தால், பார்வையுள்ள பிள்ளைகளும் கண்ணை மூடிக்கொண்டு ஆடுவார்கள்.

எல்லா விளையாட்டையும் இப்படி மாற்ற முடியாது. துண்டுப் படங்களைச் சேர்க்கும் புதிர் படம்தான், அதை விட்டுவிடலாம். வேகமாகச் சுட்டுத்தள்ளும் ஆட்டங்களைப் பெரிய நிறுவனங்கள் பார்த்துக்கொள்ளட்டும். 2020இல் வந்த 'த லாஸ்ட் ஒஃப் அஸ் பகுதி 2' 60இற்கு மேற்பட்ட அணுகல் வசதிகளோடு வந்தது, பார்வையற்றோர் அதை முழுமையாக ஆடி முடித்திருக்கிறார்கள். ஆனால் அதற்குத் தேவையான பிளேஸ்டேஷன் நம்மில் எத்தனை வீட்டில் இருக்கிறது? நமக்கு வேண்டியது வினாவிடை, சொல் விளையாட்டு, பலகை ஆட்டம், சீட்டு, கதை விளையாட்டு. இவை எல்லாமே சொற்களாலும் எண்களாலும் ஆனவை.

சதுரங்கம் காட்டிய வழி

முடியும் என்பதற்குச் சதுரங்கமே சாட்சி. லிச்செஸ் என்ற இலவச சதுரங்கத் தளம் 2010இல் பிரான்சில் தொடங்கியது, விளம்பரமின்றி நன்கொடையில் ஓடுகிறது. திரைவாசிப்பானோடு வருபவர் அதில் ஒரு தெரிவை இயக்கினால், பலகை எழுத்து வடிவில் கிடைக்கும். நகர்த்தலைத் தட்டச்சு செய்யலாம். எதிராளி ஆடியது வாசித்துக் காட்டப்படும். முக்கியமான விடயம் இதற்கு அடுத்தது: எதிரே ஆடுபவருக்கு இது தெரியாது. அவர் தோற்றால், பார்வையில்லாத ஒருவரிடம் தோற்றேன் என்று தெரியாமலே தோற்பார். பரிதாபமும் இல்லை, விட்டுக்கொடுத்தலும் இல்லை.

இந்தியாவில் சாருதத்த ஜாதவ் என்ற பார்வையற்ற சதுரங்க வீரர் பார்வையற்றோருக்கான அகில இந்தியச் சதுரங்கச் சம்மேளனத்தைக் கட்டியெழுப்பியதோடு, 'டோக்64' என்ற பேசும் சதுரங்க மென்பொருளையும் உருவாக்கினார். 2023 ஒக்டோபரில் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசியப் பரா விளையாட்டில், முற்றாகப் பார்வையற்ற ஆண்களுக்கான சதுரங்கத்தில் தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றையும் இந்தியர்களே எடுத்தார்கள். தங்கம் தர்பன் இனானிக்கு. இந்த வெற்றிகளெல்லாம் மென்பொருளால் மட்டும் வந்தவையென்று சொல்லமாட்டேன். பயிற்சிக்கு ஒரு பலகையும் எந்நேரமும் ஓர் எதிராளியும் வேண்டும், அந்த எதிராளியை இணையம் கொண்டுவந்தது.

சட்டமும் சலுகையும்

2012 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி, இலங்கையில் 5 வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதமானோருக்கு ஏதோவொரு இயலாமை இருக்கிறது. பார்ப்பதில் சிரமம் என்று சொன்னவர்கள் மட்டும் 10 இலட்சத்தை நெருங்கினார்கள். அவர்களில் முதியவர்களே அதிகம். நீரிழிவால் கண் மங்கிய வாப்பாவுக்கும் சீட்டு விளையாடும் ஆசை போயிருக்காது.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, இயலாமையுடைய ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் கட்டடங்களுக்குள் நுழையும் உரிமையைப் பேசியது. இணையம் அப்போது இங்கே எட்டிப்பார்த்துக்கொண்டுதான் இருந்தது. இயலாமையுடைய ஆட்களின் உரிமைகள் பற்றி 2016 பெப்ரவரியில் இலங்கை ஏற்று உறுதிசெய்த ஐ.நா. சமவாயத்தின் 30ஆம் உறுப்புரை, இயலாமையுள்ள பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளோடு சமமாக விளையாடும் உரிமையை வெளிப்படையாகவே சொல்கிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30ஆம் திகதித் தீர்ப்பில் டிஜிட்டல் அணுகலை வாழும் உரிமையின் பகுதியாக்கிவிட்டது. இங்கே அந்த 30ஆம் உறுப்புரையைப் பாடசாலையில் யார் நடைமுறைப்படுத்துவது என்று கேட்டால் ஆளுக்கு ஆள் கைகாட்டுவார்கள்.

ஒக்டோபர் 15 வெள்ளைப் பிரம்பு தினத்தன்று ஊர்வலம் போகிறோம், அன்பளிப்புப் பொதி கொடுக்கிறோம், படம் எடுக்கிறோம். அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களின் வரலாறு இங்குள்ள மதரஸாப் பிள்ளைகளுக்குத் தெரியும். பார்வையற்ற அந்தத் தோழர், பிலால் (ரழி) அவர்களைப் போலவே மதீனாவில் அதான் சொன்னவர். நபிகளார் வெளியூர் சென்ற வேளைகளில் மதீனாவின் பொறுப்பு அவரிடம் விடப்பட்டதுண்டு. அவருக்குக் கிடைத்தது பொறுப்பு. நாம் கொடுப்பது பொதி.

யார் எதைச் செய்யலாம்?

ஆசிரியர்களிடமிருந்து தொடங்கலாம், ஏனெனில் பணமே தேவையில்லாத இடம் அது. வினாவிடையை யுனிகோடில் எழுதுங்கள். கேள்வியைப் படமாக ஒட்டாதீர்கள். வரைபடம் கட்டாயம் என்றால் அதில் உள்ளதை 2 வரியில் விவரியுங்கள். நேரக் கட்டுப்பாட்டை நீக்குங்கள், அல்லது நீட்ட வழி வையுங்கள். இழுத்துப் பொருத்துவதற்குப் பதிலாக விடையைத் தெரிவுசெய்யும் கேள்வி கேளுங்கள். கூகுள் படிவத்தில் செய்யும் சாதாரண பல்தேர்வு வினாக்கள் திரைவாசிப்பானில் பெரும்பாலும் சிக்கலின்றி ஓடும். அலங்காரமான கேம் தளங்களுக்குப் போகுமுன் அதை முயலுங்கள்.

கல்வி அமைச்சு தன் இ-தக்சலாவ தளத்தில் ஏற்றும் எந்த ஊடாட்டப் பயிற்சிக்கும் ஒரு நிபந்தனை போடலாம்: மவுஸைத் தொடாமல், திரையைப் பார்க்காமல், திரைவாசிப்பானோடு ஒருவர் அதைத் தமிழில் முடித்துக்காட்ட வேண்டும். தனியாருக்குப் பணம் கொடுத்துச் செய்விக்கும் பயிற்சிகளுக்கு இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். செய்து முடித்த பிறகு திருத்துவதற்குத்தான் செலவு அதிகம்.

வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் தகவல் தொழில்நுட்ப மாணவர்களின் இறுதியாண்டுச் செயற்திட்டங்களில் ஒன்றிரண்டை இதற்கு ஒதுக்கினால், ஆண்டுதோறும் தமிழில் இரண்டு விளையாட்டு கிடைக்கும். பல்லாங்குழி, தாயம், சொல் தேடல் என்று தொடங்கலாம். நிரலைத் திறந்த மூலமாக வெளியிட வேண்டும்; யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ இருப்பவர் எடுத்துத் தொடரலாம்.

காத்தான்குடி நகரசபை தன் நூலகத்தில் ஒரு கணினியில் என்விடிஏயை நிறுவி, ஒரு காதொலிப்பானை வைத்தால் செலவு காதொலிப்பானின் விலை மட்டுமே. அடுத்த வெள்ளைப் பிரம்பு தினத்தில் ஊர்வலம் முடிந்ததும், காத்தான்குடி மத்திய கல்லூரி, மீரா பாலிகா போன்ற பாடசாலைகளின் சதுரங்க அணிகள் மட்டக்களப்பு தரிசனம் விழிப்புலனற்றோர் பாடசாலைப் பிள்ளைகளோடு லிச்செஸில் மோதட்டும். பிரிவு பிரிக்காமல், ஒரே அட்டவணையில்.

பெற்றோருக்கு ஒன்று. பார்வையில்லாத பிள்ளையின் போனிலும் நேரக் கட்டுப்பாடு வேண்டும், பணம் வைத்து ஆடும் கேம் கூடாது. மற்றப் பிள்ளைக்குச் சொல்லும் அதே விதிதான். தனியாகச் சலுகை வேண்டாம்.

நிரல் எழுதுபவர்கள் ஒருபோதும் தங்கள் கண்ணை மூடிப் பார்த்ததை மட்டும் வைத்துச் சோதனை முடிந்ததென்று நினைக்கக் கூடாது. தினமும் திரைவாசிப்பானோடு வாழ்பவரின் வேகமும் பழக்கமும் வேறு. நாம் தடுமாறும் இடத்தை அவர் ஒரு நொடியில் தாண்டுவார், நமக்குத் தெரியாத இடத்தில் மாட்டிக்கொள்வார். ஆகவே விளையாட்டு வெளியாகுமுன் பார்வையற்ற இளைஞர் இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து ஆடச் சொல்லுங்கள். ஒரு தேநீரோடும் நன்றியோடும் அனுப்பிவிடாமல், வடிவமைப்பாளருக்குக் கொடுப்பதுபோல மணிக்கணக்குப் பார்த்துக் கூலி கொடுங்கள். அவர்கள் சொன்ன பிழைகளைத் திருத்திய பிறகு லிங்கை வகுப்புக் குழுவுக்கு அனுப்பலாம்.